கரூர் வண்டியின் தண்ணீர்த் தொட்டி

டிசம்பர் 3, ஞாயிறு. லே

தமயந்தி, நேற்று போனில் நீ சொன்னபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். "சிக்னல் இல்லாத ஊருக்குப் போறீங்க. தெனமும் ஒரு வரியாச்சும் எழுதி வைங்க, வந்ததும் நான் படிச்சுக்கறேன்" என்றாய். பிளைவுட் கடைக்காரர் கொடுத்த டைரி பெட்டியில் சும்மாதான் கிடந்தது. பதினொரு மாதமும் வெள்ளை. பெண்டாட்டி நீ படிப்பாய் என்பதால் கெட்ட வார்த்தை எதுவும் எழுத மாட்டேன்.

நாளை காலை வண்டியோடு தோக்மார் என்கிற ஊருக்குப் போகிறோம். இங்கிருந்து நூற்றறுபது கிலோமீட்டர். நம் பட்டறையில் நான் முன்னின்று கட்டிய முதல் கேரவன் அல்லவா, முதல் குளிர்காலத்துக்கு நான் கூட இருந்தே ஆக வேண்டும் என்று வண்டி கட்டச் சொன்ன டிரஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள். உள்ளே கட்டில், சமையல் மேடை, குளியலறை, எல்லாவற்றுக்கும் நடுவில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின். இந்த வண்டி இல்லாவிட்டால் அந்த மெஷின் மலை ஏறாது.

வண்டியில் வரப்போகிறவர் யாங்சன் டோல்கர். பள்ளிக்கூட டீச்சர், நாற்பத்து நாலு வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை மெஷினில் படுக்க வேண்டும் என்பதால் இரண்டு வருஷமாக லேயிலேயே ஒரு அறையில் இருக்கிறார். பதின்மூன்றாம் தேதி இவர்கள் வருஷப் பிறப்பு, லோசர். அன்றைக்குத் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வேறொன்றும் கேட்கவில்லை.

டிரஸ்ட் டாக்டர் என் தோளில் கை வைத்து, "தண்ணீர் உறையக் கூடாது நாச்சிமுத்து. அது ஒன்றுதான்" என்றார். கரூர் வண்டி, கவலையே வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பட்டறையில் பீகார்ப் பையன்களைத் திட்டிக் கற்றுக்கொண்ட இந்தி. டாக்டருக்குக் கொஞ்சம் காரமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 4, திங்கள். தோக்மார்

வந்து சேர்ந்தோம். எழுத வரவில்லை. என்ன என்று எழுதுவது?

வழி நெடுக ஒரு ஆறு. மேலே முழுவதும் ஐஸ், லாரி ஏற்றலாம் போல. ஓரிடத்தில் நிறுத்தி இறங்கி, காதை வைத்துக் கேட்டேன். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது! காவிரியில் மணலைத்தான் பார்த்திருக்கிறோம். ஒரு ஆறு தன்மேலேயே கூரை போட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். நர்ஸ் ஜெசிந்தா வண்டிக்குள்ளிருந்து கத்தினாள்: "அண்ணே, காது ஒட்டிக்கிடும், எந்திரிங்க!" தூத்துக்குடிப் பெண். மெஷின் ஓட்டுவது அவள்தான். முப்பது வயதுதான், ஆனால் அதட்டலில் உன் பெரியம்மா தோற்றாள்.

யாங்சன் அக்கா வீட்டுவாசலில் இறங்கியதும் கதவைத் தொட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். அவர் வீட்டுக்காரர் ரிக்ஸின், முன்னாள் பட்டாளத்துக்காரர், இப்போது ஆடு வைத்திருக்கிறார். பட்டாளத்தில் தமிழ்ப் பையன்களோடு இருந்தவராம். என்னைப் பார்த்ததும், "வா! சாப்பிடு! பரவாயில்லை!" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். குடும்பம் நடத்த அது போதும்.

டிசம்பர் 5, செவ்வாய்

காலையில் மைனஸ் இருபத்திரண்டு. துவைத்த துண்டை வெளியே போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பலகையாகிவிட்டது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன், நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி நாலு தடவை செய்து பார்த்தேன்.

வேலை இதுதான். வண்டிக்கு அடியில் தொங்கும் ஐந்நூறு லிட்டர் தொட்டி, அதையொட்டி பம்ப், வடிகட்டி, பத்தடிக் குழாய். எல்லாவற்றிலும் மின்சாரத்தில் சூடாகும் நாடா சுற்றியிருக்கிறது. அதன்மேல் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் சாக்கு. ஜெனரேட்டர் ஓடும்வரை நாடா சூடாக இருக்கும். மேடைக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும், அறையின் சூடு குழாய்க்கும் போகட்டும் என்று. கழுவும் தொட்டியில் குழாயைக் கொஞ்சமாக ஒழுக விட வேண்டும். ஓடும் தண்ணீர் சீக்கிரம் உறையாது. ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இரண்டு தடவை என்னையறியாமல் போய் மூடிவிட்டேன். ஜெசிந்தா திட்டித் திறந்தாள்.

அவள் கேட்டாள், "ஏண்ணே, இந்தத் தொட்டிய உள்ளயே வச்சிருக்கலாம்லா?"

"அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம் அம்மிணி, உங்களுக்குப் புரியாதுங்க" என்றேன்.

டிசம்பர் 6, புதன்

முதல் தடவை மெஷின் ஓடியது. நாலு மணிநேரம்.

அந்த அம்மாள் கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது. இன்னொரு குழாயில் உள்ளே வருகிறது. உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமும் திரும்பத் திரும்ப வெளியே வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறது. ஜெசிந்தா சொன்னாள், "மருந்துன்னு நெனைக்காதிங்கண்ணே, இது முழுக்கத் தண்ணிதான். ஒரு தடவைக்கு முந்நூறு லிட்டர் வேணும். தண்ணிதான் ரத்தத்தக் கழுவுது." சாமி, அப்படியானால் என் தொட்டியிலிருந்து புறப்படுகிற தண்ணீர் ஒரு மனுஷியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய தோல் தூரத்தில் போய்த் திரும்புகிறது. அது தெரிந்தபிறகு தொட்டியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

கடைசி அரைமணியில் கழிவுத் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. நடுவில் தொய்வாக இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கி உறைந்துவிட்டது. குழாய் மட்டமான சரக்கு, நம் தப்பு இல்லை. வெந்நீர் ஊற்றி இளக்கி, தொய்வே இல்லாமல் சரிவாகக் கட்டிவிட்டேன். இனி எதுவும் தேங்காது.

டிசம்பர் 7, வியாழன்

அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் சாக்கு தைத்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

பனி. மேலிருந்து விழுகிறது என்கிறார்கள். நான் பார்த்தவரை அது விழவில்லை, இறங்குகிறது. சத்தமே இல்லை. நம் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் தகரம் அடித்த காதுக்கு இந்த நிசப்தம் பெரிய அதிசயம். நாலு மணிநேரத்தில் ஊர் முழுக்க வெள்ளை. ரிக்ஸின் வந்து கணவாய்ப் பாதை மூடிவிட்டது என்றார். எப்போது திறக்கும் என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றார்.

வலது கையில் லேசாகத் தோல் உரிந்திருக்கிறது. ஈரக்கையோடு இரும்பைத் தொட்டுவிட்டேன். ஒன்றுமில்லை.

டிசம்பர் 9, சனி

எப்படி எழுதுவது.

காலையில் மைனஸ் இருபத்தெட்டு. மெஷினில் அக்கா படுத்து இரண்டு மணிநேரம் ஆகியிருக்கும். ஜெனரேட்டர் இருமியது, நின்றது. டீசல் நெய்யாட்டம் உறைந்துவிட்டது. பேட்டரியில் மெஷின் கொஞ்சநேரம் ஓடும், ஆனால் நாடாவுக்கு மின்சாரம் இல்லை. டீசலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்குவதற்குள் பம்ப் உறுமுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. குழாய் கல்லாகிவிட்டது.

ஜெசிந்தா மெஷினிலிருந்த ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்பினாள், ஊசியை எடுத்தாள், கட்டுப் போட்டாள். எல்லாம் முடிந்து வெளியே வந்துதான் சொன்னாள். "பாதிதாண்ணே ஆயிருக்கு. அடுத்தது செவ்வாக்கெழமைக்குள்ள முழுசா நடந்தாகணும். இல்லன்னா உப்பு ஏறி நெஞ்சு நின்னுரும்."

இங்கே உள்ள ராணுவ முகாமில் சொல்லியிருக்கிறோம். மேகம் விலகினால்தான் ஹெலிகாப்டர் வருமாம். மேகம் மலையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

தொட்டி உறைந்தது குளிரால்தான். மைனஸ் இருபத்தெட்டில் எதுதான் உறையாது?

டிசம்பர் 10, ஞாயிறு

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த டைரி தொடங்கி இன்றைக்கு எட்டாவது நாள்.

தமயந்தி, டாக்டர் அனுப்பிய படத்தில் தொட்டி வண்டிக்கு உள்ளே, கட்டிலுக்கு அடியில் இருந்தது. சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். நான்தான் மாற்றினேன். டாக்டருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற திமிர். நம் ஊரில் தொட்டியை அடியில் தொங்கவிடுவோம். ஓடுகிற காற்றுப் பட்டால் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும், உள்ளே இடமும் மிச்சம். வெயிலோடு மட்டுமே சண்டை போட்டுப் பழகிய கை இது. குளிருக்கு வண்டி கட்டச் சொன்னபோதும் தொட்டியைக் காற்றில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். போதாததற்குத் தொட்டி, பம்ப், வடிகட்டி மூன்றையும் ஒரே கூண்டில் வைத்து வெல்டு அடித்திருக்கிறேன், கெட்டியாக இருக்கட்டும் என்று. கழற்ற கேஸ் கட்டர் வேண்டும். அது லேயில் இருக்கிறது. பம்ப் உறைந்து கிடக்கும்போது தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து என்ன பிரயோஜனம்? அந்தப் பத்தடிக் குழாயைத் தாண்டினால்தானே மெஷின்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அழுதும் விட்டேன், எழுதினால் என்ன. "அத அக்காட்ட நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள்.

போனேன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. என் பீகார் இந்தியில் தட்டுத்தடுமாறி எல்லாம் சொன்னேன். எங்கள் ஊரில் தண்ணீர் சூடாகிவிடும், அதனால் அப்படிக் கட்டினேன் என்றேன். அவர் திட்டவில்லை. நிமிர்ந்து, "தண்ணீர் தானாகவே சூடாகுமா? அடுப்பு இல்லாமல்?" என்று கேட்டார். சித்திரையில் மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுட்டுவிடும் என்றேன். கண் விரிந்துவிட்டது. புருஷனைக் கூப்பிட்டு அவர் பாஷையில் சொன்னார். குழாயில் வெந்நீர் வருகிற ஊர்! இரண்டு பேரும் என்னை ஏதோ சொர்க்கத்திலிருந்து வந்தவன் போலப் பார்த்தார்கள். நான் செய்த தப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

டிசம்பர் 11, திங்கள்

மேகம் விலகவில்லை. அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது.

டீசல் மொத்தம் இருபத்தெட்டு லிட்டர். மெஷினை ஒரு தடவை ஓட்டலாம். நாடாவையும் சேர்த்து ராத்திரி பகலாகச் சூடாக்க அது பற்றாது. தலையில் கை வைத்து வெளியே நின்றேன். ரிக்ஸின் ஆட்டுக்குட்டிகளை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பட்டியில் நீளமாக ஒரு பள்ளம். இடுப்பளவு ஆழம், இரண்டு பக்கமும் கல் அடுக்கியது. குளிர் காலத்தில் குட்டிகளை அதற்குள் நெருக்கி அடைத்துவிடுவார்களாம். ஒன்றின் சூட்டில் ஒன்று பிழைத்துக்கொள்ளும். உள்ளே இறங்கிக் கையை வைத்தேன். தமயந்தி, தரை சுட்டது! வெளியே மைனஸ் இருபத்தைந்து, அந்தப் பள்ளத்தில் தரை கதகதவென்று இருந்தது. ஒரு ஆடு கூட இல்லை, அவை படுத்துவிட்டுப் போன சூடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீளம், அகலம், இரண்டு பக்கச் சுவர். நம் பட்டறையில் வண்டியை ஏற்றி நிறுத்தி அடியில் நின்று வேலை பார்க்கிறோமே, அதே பிட்! சக்கரம் இரண்டு பக்கம், குழி நடுவில்.

ரிக்ஸினிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். வண்டி மேலே, ஆடு கீழே. அவர் வண்டியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பார், மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஜெசிந்தாதான், "ஏ யப்பா, ஆட்டுமேலயா டயாலிசிஸ் பண்ணப் போறோம்! டாக்டர் கேட்டா என்னண்ணே சொல்ல?" என்றாள்.

"கரூர் டெக்னாலஜின்னு சொல்லுங்க அம்மிணி."

ஊர்க்காரர்கள் பதினொரு பேர் வந்து சக்கரத்துக்குப் பலகை போட்டார்கள். பின்பக்கமாக அங்குலம் அங்குலமாக ஏற்றினேன். ஒரு சக்கரம் நழுவியிருந்தால் இந்த டைரி இங்கே முடிந்திருக்கும். சரி, நழுவவில்லை. இப்போது தொட்டியின் அடிவயிறு சரியாகப் பள்ளத்துக்குள். சுற்றிலும் தார்ப்பாய், யாக் மாட்டு மயிர்க் கம்பளி, வைக்கோல் மூட்டை. அதற்கு வெளியே பனியையே வாரிச் சுவராக அடித்தார்கள். பனி குளிரைத் தடுக்குமாம்! நான் நம்பவில்லை, கையை விட்டுப் பார்த்தபிறகு நம்பினேன். ஜெனரேட்டரைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், புகை ஆட்டுக்கு ஆகாது.

பொழுது சாய எண்பத்து மூன்று ஆடுகள் உள்ளே போயின.

டிசம்பர் 12, செவ்வாய்

விடிந்ததும் தார்ப்பாயைத் தூக்கினேன். முகத்தில் ஆவி அடித்தது. ஆட்டு வாடை, புழுக்கை வாடை, ஈரக் கம்பளி வாடை. நம் ஊர் ஆட்டுச் சந்தையில் நின்றது போல் இருந்தது. தொட்டியின் அடியில் கையை வைத்தேன். சொட்டுகிறது! ஐஸ் முழுவதும் இளகிவிட்டது. பேட்டரியில் போட்டதும் பம்ப் சுற்றுகிறது. வெல்டு வைத்த என் கூண்டுக்குள் ஒரு வெள்ளாடு தலையை விட்டு அசை போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆட்டைக் கும்பிட்டேன். நிஜமாகவே கும்பிட்டேன்.

ஊற்றிலிருந்து ஊரே குடம் குடமாகக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பியது. டீசலைக் கம்பளி சுற்றி அடுப்படியில் வைத்திருந்தோம், ஜெனரேட்டர் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பத்து மணிக்கு அக்காவை இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள். உதடு நீலமாக இருந்தது. ஜெசிந்தா ஜெபம் சொல்லிவிட்டு ஊசி போட்டாள்.

நான் உள்ளே இருக்கவில்லை. பள்ளத்துக்குள் போய்விட்டேன். டீசலை மிச்சம் பிடிக்க நாடாவை நிறுத்திவிட்டோம். குழாய் தொட்டியை விட்டு மேலே ஏறுகிற முனை ஒன்றரை அடி, அதற்கு ஆட்டின் சூடு எட்டாது. அதை இரண்டு கையாலும் பிடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். சுற்றிலும் ஆடுகள். முதுகில் ஒன்று, மடியில் ஒன்று, என் காதை ஒன்று நக்குகிறது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது விரலில் துடித்தது. அது நின்றால் மேலே ஒரு உயிர் நிற்கும். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, விரலே சொன்னது.

மூன்றாவது மணியில் ஆடுகளுக்கு மேய்ச்சல் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்று முட்டியது, பத்து முட்டியது, தார்ப்பாய் ஒருபக்கம் கிழிந்து குளிர் உள்ளே பாய்ந்தது. ரிக்ஸின் அந்தக் கிழிசலில் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, தொண்டைக்குள்ளேயே ஏதோ ஒரு சத்தம் போட்டார். பாட்டும் இல்லை, சீட்டியும் இல்லை. எண்பத்து மூன்று ஆடும் ஒவ்வொன்றாக முழங்காலை மடித்து உட்கார்ந்தன. மேலே தரைப்பலகை வழியாக அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. "எந்த ஆடு கத்துதுன்னு ஒவ்வொண்ணாப் பேரு சொல்றாங்கண்ணே!" என்று ஜெசிந்தா மேலிருந்து கத்தினாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் மறுபடி கத்தினாள். "முடிஞ்சிட்டுண்ணே! முழுசா முடிஞ்சிட்டு! வெளிய வாங்க!"

எழுந்திருக்க முடியவில்லை. ரிக்ஸின்தான் இழுத்தெடுத்தார். உன்னிடம் மறைத்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன்: வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருக்கிறது. ஜெசிந்தா மருந்து போட்டுக் கட்டியிருக்கிறாள், விரல் தங்கிவிடும் என்கிறாள். இதை இடது கையால் எழுதுவதால்தான் இரண்டு நாளாகக் கோழி கிளறியது போல இருக்கிறது. ரொம்பப் பயந்துபோனேன் தமயந்தி.

டிசம்பர் 13, புதன். லோசர்

மேகம் விலகிவிட்டது. வானம் இப்படி ஒரு நீலத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முகாமிலிருந்து ஆள் வந்து, நாளை ஹெலிகாப்டர் வருகிறது, அக்காவை லேக்குக் கூட்டிப்போகலாம் என்றான். பாதை திறந்ததும் நான் வண்டியோடு வருவேன். முதல் வேலை கேஸ் கட்டர். தொட்டியை அறுத்தெடுத்து, டாக்டர் சிவப்பு மையில் கோடு போட்ட இடத்தில் வைக்கப்போகிறேன். படத்தை மாற்றியது நான்தான் என்று அவரிடமும் சொல்லப்போகிறேன்.

காலையில் ஊரே இந்த வீட்டுக்கு வந்தது. அக்கா பட்டுப்போன்ற ஒரு நீள அங்கி போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கையால் மாவுருண்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு இரண்டு.

எல்லாரும் வெண்ணெய் டீ குடித்தோம். அவர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது ஜெசிந்தா சொன்னாள். கிட்னி இல்லாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லை, உடம்பிலேயே தங்கி நெஞ்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் கணக்கு. டீ, குழம்பு, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள். "வெறுந்தண்ணின்னு ஒரு டம்ளர் குடிச்சு ரெண்டு வருசம் இருக்கும்ணே. இன்னைக்கு டீயே வேண்டாம், தண்ணியாக் குடுன்னு கேக்காங்க. இந்த வண்டித் தண்ணியத்தான் வேணுங்காங்க."

நான் தொட்டி கட்டுகிறவன். முந்நூறு லிட்டர், ஐந்நூறு லிட்டர் என்று மட்டுமே பேசத் தெரிந்தவன். அவருக்காக அவ்வளவு தண்ணீரை மலையில் ஏற்றி, ஆட்டை வைத்துக் காப்பாற்றி, அதில் அவர் வாய்க்கு ஒரு மடக்குக்கூடப் போகவில்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வண்டிக்குள் ஏறி, சமையல் மேடைக் குழாயைத் திறந்தேன். வந்தது. எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை பிடித்தேன். இடது கை என்பதால் கொஞ்சம் சிந்தியது. திரும்பவும் நிரப்பினேன்.

அக்கா வண்டியின் படியில், வெயிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினார். ஒரு வாய் வைத்தார், விழுங்கவில்லை, வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு விழுங்கினார். அப்புறம் மலையைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு வாய். கால்மணிநேரம் ஆகியிருக்கும். ரிக்ஸின், ஜெசிந்தா, நான், மூன்று பேரும் பக்கத்தில் நின்றோம். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் லிட்டருக்குத் தொட்டி கட்டியிருப்பேனோ, தெரியாது. ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தது இன்றைக்குத்தான், தமயந்தி.